பத்துப் புளியங்கொட்டையும் ஆறு ஆண்டும்: விளையாட்டின் வழியே தொழில் திட்டமிடல்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான சில நாள்களுக்குள், பிளஸ் 1-இல் எந்தக் குரூப்பில் சேர்வது என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளை முடிவு செய்தாக வேண்டும். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறையிலோ தக்கலையிலோ நாகர்கோவிலிலோ அந்த நாள்களில் பள்ளி அலுவலக வாசலில் நிற்கும் பிள்ளைகளிடம் காரணம் கேட்டால், மதிப்பெண் அவ்வளவுதான் வந்தது என்பார்கள், கூட்டுக்காரி அதில்தான் சேர்ந்தாள் என்பார்கள், அல்லது மாமா அதைத்தான் எடுக்கச் சொன்னார் என்பார்கள். இவை எல்லாம் உண்மையான காரணங்களே. ஆனால் அந்தக் குரூப்பை எடுத்தால் எந்தக் கதவு திறக்கும், எந்தக் கதவு மூடும் என்பதைப் பற்றி இவற்றில் ஒன்றும் பேசுவதில்லை. வணிகவியல் எடுத்த மாணவி ஒருத்தி, இரண்டு ஆண்டு கழித்துப் பி.எஸ்சி. நர்சிங் விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும்போதுதான், பிளஸ் 2-இல் உயிரியல் படிக்காதவர் அதில் சேர முடியாது என்று அறிகிறாள். நர்சிங் படித்து வெளிநாடு சென்ற பெண்கள் ஊர்தோறும் இருக்கும் மாவட்டத்தில்கூட, இந்தச் செய்தி அவளுக்கு உரிய காலத்தில் போய்ச் சேர்வதில்லை.

சொல்வதற்கு ஆள் இல்லாமல் இது நடப்பதில்லை. தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் உயர்கல்வி வழிகாட்டல் அரசுப் பள்ளிகளுக்குள் வந்துவிட்டது, முன்னாள் மாணவர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் வந்து உரையாற்றுகிறார்கள், கையேடுகளும் கிடைக்கின்றன. ஆனால் இரண்டு மணி நேர உரையில் முப்பது படிப்புகளின் பெயர்களைக் கேட்கும் பிள்ளை, அவற்றுள் எதையும் அந்த இடத்தில் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது, கேட்ட செய்தி மனத்தில் ஒட்டுவதற்கு இடமும் இல்லை. விளையாட்டு அந்த இடத்தை உண்டாக்கித் தருகிறது என்பதுதான் இக்கட்டுரையில் நான் விளக்க விரும்பும் கருத்து.

முதலில் தொழில் திட்டமிடல் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908-இல் இளைஞர்களுக்கான தொழில் வழிகாட்டல் நிலையம் ஒன்றைத் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர், இதற்கு மூன்று படிகள் உண்டு என்று வகுத்தார்: தன்னை அறிதல், தொழில்களின் உலகத்தை அறிதல், இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்துத் தெளிவாக முடிவெடுத்தல். நூறாண்டுக்கு மேல் ஆகியும் இந்த அடிப்படை மாறவில்லை. பின்னால் வந்தவர்கள், இந்த மூன்று படிகளையும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஏறி முடித்துவிட முடியாது, பலமுறை திரும்ப ஏற வேண்டியிருக்கும் என்பதைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே தொழில் திட்டமிடல் என்பது "நான் டாக்டர் ஆவேன்" என்று அறிவிப்பதைவிட அகலமானது. கையில் இருக்கும் நேரம், பணம், திறமை, விருப்பம், வீட்டுச் சூழல் ஆகியவற்றை வைத்துக்கொண்டு அடுத்த அடியை எங்கே வைப்பது, அந்த அடி தவறினால் எங்கே திரும்புவது என்று யோசிக்கும் பழக்கம் அது. ஒரு பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது, பழகத்தான் வேண்டும்.

இனி, எப்படிப்பட்ட விளையாட்டு இதற்குப் பொருந்தும் என்ற கேள்வி. நம் வீடுகளில் இருந்த இரண்டு ஆட்டங்களை ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். பரமபதத்தில் ஏணியில் ஏறுவதும் பாம்பின் வாயில் விழுவதும் தாயக்கட்டையின் செயல். ஆடுபவர் தேர்ந்தெடுக்க அங்கே ஒன்றும் இல்லை. பல்லாங்குழியில் எந்தக் குழியிலிருந்து முத்தை அள்ளுவது என்பதை ஆடுபவரே முடிவு செய்கிறார். அள்ளும் முன், கடைசி முத்து எங்கே விழும், அதற்கு அடுத்த குழி வெறுமையாக இருக்குமா என்று அவர் மனத்தில் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தொழில் திட்டமிடலைக் கற்பிக்கும் விளையாட்டு பல்லாங்குழியின் இனத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஆடுபவர் ஒரு முடிவை எடுக்க வேண்டும், அந்த முடிவுக்கு ஒரு விளைவு இருக்க வேண்டும், அந்த விளைவு அடுத்த முடிவைப் பாதிக்க வேண்டும். தாயக்கட்டைக்கும் ஓரிடம் உண்டு, ஏனெனில் வாழ்க்கையில் எதிர்பாராதவையும் நடக்கின்றன. ஆனால் அது ஆட்டத்தை நடத்தக் கூடாது. பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவுடன் "நீ பொறியாளர்" என்று திரையில் காட்டும் கைப்பேசிச் செயலிகளை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவை வினாத்தாள்கள்; பிள்ளை அங்கே எதையும் முடிவு செய்வதில்லை.

இந்த எண்ணம் புதியதன்று. 1960-களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சரேன் பூகாக் என்ற சமூகவியலாளர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக ஒரு வாழ்க்கைத் தொழில் ஆட்டத்தை உருவாக்கினார். அதில் மாணவர்கள் தங்கள் வாழ்க்கையைத் திட்டமிடுவதில்லை. கற்பனையான ஒருவரின் விவரக் குறிப்பு ஒவ்வொரு குழுவுக்கும் தரப்படும். அவருடைய ஒரு வாரத்தின் நேரத்தைப் படிப்பு, வேலை, குடும்பம், ஓய்வு என்று பங்கிட்டு, சுற்றுக்கு ஓர் ஆண்டாக அவரைப் பல ஆண்டுகள் நடத்திச் செல்ல வேண்டும். பின்னர் 1990-களில் கனடாவில் பரவிய ஒரு வகுப்பறை ஆட்டம் பணத்தின் பக்கமாக வந்தது: தனக்கு எப்படிப்பட்ட வீடும் வண்டியும் வேண்டும் என்று பிள்ளைகள் முதலில் எழுதிவிட்டு, பிறகு கையில் கிடைக்கும் ஒரு தொழிலின் வருமானத்துக்குள் அதை அடக்க முயல வேண்டும். இரண்டிலும் பூகாக்கின் கற்பனை மனிதர் என்ற ஏற்பாட்டையே நான் மிகவும் மதிக்கிறேன். தன் குடும்ப வருமானத்தையும் தன் மதிப்பெண்ணையும் நாற்பது பேர் நடுவில் பேசப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கூச்சம் இருக்கும். அட்டையில் இருக்கும் இன்னொருவருடைய வருமானத்தைப் பற்றி அதே பிள்ளை மனம் திறந்து பேசும்.

நம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், ஒன்பது அல்லது பத்தாம் வகுப்பில், செலவே இல்லாமல் நடத்தக்கூடிய ஓர் ஆட்டத்தை இங்கே விவரிக்கிறேன். இரண்டு பாடவேளை தேவை. நாற்பது மாணவர்களை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு விவர அட்டை கொடுக்க வேண்டும். ஓர் அட்டையில் குளச்சல் பக்கத்துப் பையன்: அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார், பத்தாம் வகுப்பில் 500-க்கு 340 மதிப்பெண், பழைய மோட்டாரைக் கழற்றிப் பூட்டுவதில் ஆசை, கீழே இரண்டு தம்பிகள். இன்னோர் அட்டையில் குலசேகரம் பக்கத்துப் பெண்: அம்மா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார், 430 மதிப்பெண், வீட்டார் நர்சிங் என்று முடிவு செய்துவிட்டார்கள், அவளுக்கோ இரத்தத்தைக் கண்டால் தலைசுற்றும். மற்றோர் அட்டையில் தோவாளைப் பெண்: பூக்கட்டும் குடும்பம், கணக்கில் கெட்டி, ஊரை விட்டுத் தூரம் போக மனமில்லை. அட்டைகளை எழுதும்போது ஒன்றில் கவனம் வேண்டும். கடலோரம் என்றால் பையன், செவிலியர் என்றால் பெண், மலையோரம் என்றால் குறைந்த மதிப்பெண் என்று நாம் அறியாமலே எழுதிவிடுவோம். எழுதி முடித்தபின் அட்டைகளைப் பரப்பி வைத்து இதைத் திருத்திக்கொள்வது நல்லது.

ஆட்டம் தொடங்கும் முன், அட்டையில் உள்ளவர் எதையெல்லாம் முக்கியமாகக் கருதுவார் என்று குழு பேசி, மூன்றை மட்டும் எழுதி வைக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது, சீக்கிரம் சம்பாதிப்பது, நிலையான வருமானம், கைத்திறனைப் பயன்படுத்துவது, பிறருக்கு உதவுவது, தானே முதலாளியாக இருப்பது, உலகம் பார்ப்பது என்று எட்டுப் பத்துச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, மூன்றைத் தவிர மற்றவற்றை விட்டுவிடச் சொன்னால் வகுப்பில் பெரிய வாதம் எழும். அந்த வாதத்தை நிறுத்த வேண்டாம். பார்சன்ஸ் சொன்ன முதல் படி அங்கேதான் நடக்கிறது.

பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் பத்துப் புளியங்கொட்டையும் நான்கு சிரட்டையும் (தேங்காய் ஓடு) தர வேண்டும். புளியங்கொட்டைகள், பள்ளி நேரம் போக ஒரு வாரத்தில் கையில் இருக்கும் நேரம். சிரட்டைகள் படிப்பு, வீட்டு வேலை, சம்பாத்தியம், தனக்கான நேரம் என்ற நான்கு. பணத்துக்கு மஞ்சாடி முத்து எனும் சிவப்பு விதைகளை வைத்துக்கொள்ளலாம்; ஒரு முத்து பத்தாயிரம் ரூபாய். ஒவ்வொரு சுற்றும் ஓர் ஆண்டு. சுற்றின் தொடக்கத்தில் குழு புளியங்கொட்டைகளைப் பங்கிட்டு, எந்தப் படிப்பில் இருக்கிறார் என்பதைத் தாளில் குறித்து, அந்த ஆண்டின் கட்டணத்தை முத்தாகச் செலுத்த வேண்டும். கட்டணங்களை ஆசிரியர் முன்கூட்டியே அருகிலுள்ள கல்லூரிகளில் கேட்டுக் குறித்துக்கொண்டால் ஆட்டம் உண்மையாக இருக்கும். நாகர்கோவில் கோணம் பகுதியில் அரசு ஐ.டி.ஐ., அரசு பாலிடெக்னிக், பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி என எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒரே நாளில் இதை முடித்துவிடலாம்.

இந்த ஆட்டத்தின் மிக வளமான இடம் ஆண்டுகளைக் கூட்டும்போது வருகிறது. குளச்சல் பையனை ஒரு குழு பிளஸ் 1-இல் சேர்க்கும். இரண்டு ஆண்டு, அதன்பின் பொறியியல் நான்கு ஆண்டு, ஆக ஆறு சுற்று. அதே அட்டையைப் பெற்ற இன்னொரு குழு அவனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கும். மூன்று ஆண்டு டிப்ளமோ, அதன்பின் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு, எனவே இன்னும் மூன்று ஆண்டு, அதுவும் ஆறு சுற்று. மூன்றாவது குழு ஐ.டி.ஐ.யில் சேர்த்தால், இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குப் பின் டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு, அதில் இரண்டு ஆண்டு, பிறகு பொறியியலில் மூன்று, ஆக ஏழு சுற்று. பாலிடெக்னிக் என்றால் படிப்பு வராதவர்கள் போகுமிடம் என்று எண்ணியிருந்த பிள்ளைகள், இரண்டு குழுக்களும் ஒரே சுற்றில் ஒரே பட்டத்துக்கு வந்து நிற்பதைப் பார்த்து, கணக்கு தவறோ என்று மீண்டும் கூட்டிப் பார்ப்பார்கள். கணக்கு சரிதான். நான்காம் சுற்றின் தொடக்கத்தில் வீட்டில் பணம் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால் வேறுபாடு தெரியும்: டிப்ளமோ வழியில் வந்தவனிடம் வேலைக்குப் போக ஒரு சான்றிதழ் இருக்கிறது, பிளஸ் 2 வழியில் வந்தவன் பொறியியல் முதலாம் ஆண்டை மட்டும் முடித்திருக்கிறான். மறுபக்கத்தையும் ஆசிரியர் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்பவர் பொறியியல் கணிதத்தில் மற்றவர்களை எட்டிப் பிடிக்கக் கூடுதல் புளியங்கொட்டைகளைப் படிப்புச் சிரட்டையில் போட வேண்டியிருக்கும்; விரும்பிய கல்லூரியிலேயே இடம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

எதிர்பாராத நிகழ்வுகளுக்குச் சில அட்டைகள் வேண்டும். சுற்றுக்கு ஒன்றை எடுத்தால் போதும். இவற்றை நம் மாவட்டத்தின் நாட்காட்டியிலிருந்தே எடுக்கலாம். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டிலும் 61 நாள். இரண்டு கடற்கரைகளும் சேரும் இந்த மாவட்டத்தில், கிழக்குப் பக்கத்துச் சின்னமுட்டத்துப் பிள்ளையின் வீட்டில் பணம் வராத மாதங்களும் மேற்குப் பக்கத்துக் குளச்சல் பிள்ளையின் வீட்டில் பணம் வராத மாதங்களும் வேறு வேறு. மேற்குப் பக்கத்தில் தடைக்காலம், கல்லூரிகள் முதல் கட்டணத்தைக் கேட்கும் நாள்களோடு சரியாக மோதுகிறது. ரப்பர் பக்கம் அடைமழையில் பால்வெட்டு நின்றுபோகும். இலை உதிரும் காலத்திலும் மரத்துக்கு ஓய்வு. தோவாளையில் ஓணத்துக்கு முந்தைய நாள்கள் பூவுக்கு நல்ல விலை கிடைக்கும் நாள்கள். பணம் எவ்வளவு தேவை என்று எண்ணும் பிள்ளை, அது எந்த மாதத்தில் தேவை என்றும் எண்ணத் தொடங்குவது இந்த அட்டைகளால்தான். உள்நாட்டிலிருந்து வரும் ஆசிரியருக்குத் தெரியாத இந்த விவரங்களைக் கடலோரப் பிள்ளைகளே எழுந்து நின்று சொல்வார்கள். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை பேசும் நேரமாக அது அமைவதை நான் கண்டிருக்கிறேன்.

நல்ல அட்டைகளும் இருக்கட்டும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆட்டத்தில் ஆண்டுக்கு ஒரு மஞ்சாடி முத்தும் கொஞ்சமும். கல்விக் கடன் வேண்டுமென்றால், 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு தேவையில்லை என்பதும், படிப்புக் காலத்தோடு மேலும் ஓர் ஆண்டு கழித்தே தவணை தொடங்கும் என்பதும், வட்டி அதற்கு முன்பே ஏறத் தொடங்கும் என்பதும் ஒரே அட்டையில் இருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் இந்த மாவட்டத்தின் கடலோர ஊர்கள் தங்கள் மனிதர்களை இழந்தன. புயல், கடலில் காணாமற்போதல், அப்பாவின் மரணம் ஆகியவற்றை நிகழ்வு அட்டையாக எழுதவே கூடாது. அந்த வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு அது அட்டையாக இருக்காது. வருமானம் குறைந்தது, பாட்டிக்கு மருத்துவச் செலவு வந்தது, வளைகுடாவில் அப்பாவின் ஒப்பந்தம் முடிந்தது என்ற அளவிலேயே நிறுத்திக்கொண்டால், கற்க வேண்டியது அனைத்தையும் கற்றுவிடலாம்.

வெற்றியை எப்படிக் கணக்கிடுவது? இதில்தான் பல ஆட்டங்கள் கெட்டுப்போகின்றன. கடைசியில் அதிகச் சம்பளம் பெறுபவர் வென்றார் என்று வைத்தால், எல்லாக் குழுக்களும் இரண்டாவது முறை ஆடும்போது மருத்துவம், பொறியியல் என்ற இரண்டே வழிகளில் ஓடும். வெளியே நடப்பதையே உள்ளேயும் நடத்திக்கொண்டிருப்போம். தொடக்கத்தில் எழுதிவைத்த மூன்று விருப்பங்களில் எத்தனை நிறைவேறின, கடைசிச் சுற்றில் இன்னும் எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன, தனக்கான நேரச் சிரட்டை எத்தனை ஆண்டு வெறுமையாகக் கிடந்தது என்று பார்த்து மதிப்பெண் தரலாம். ஊரை விட்டுப் போக மனமில்லாத தோவாளைப் பெண், வணிகவியல் படித்து, பத்தாம் வகுப்புத் தகுதியிலேயே எழுதக்கூடிய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வையும் எழுதி, நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தால் அவள் வென்றவளே.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் அதிகம். அந்த வயதில் தேவைப்படுவது இரண்டாவது படி, அதாவது தொழில்களின் உலகத்தைக் கண் திறந்து பார்ப்பது. அவர்களுக்கு நான் பரிந்துரைப்பது "ஒரு மீனின் பின்னால்" என்று பெயர் வைக்கத்தக்க எளிய ஆட்டம். தட்டில் இருக்கும் ஒரு மீன் துண்டிலிருந்து தொடங்கி, அது அங்கே வந்து சேர உழைத்தவர்களை முறை வைத்து ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத குழு வெளியேறும். மீன்பிடிப்பவர், மீன் விற்கும் அம்மா என்று தொடங்கி மூன்றாவது சுற்றில் திணறுவார்கள். கொஞ்சம் தூண்டினால் படகு கட்டுபவர், இயந்திரம் பழுது பார்ப்பவர், வலை பின்னுபவர், ஐஸ் கம்பெனிக்காரர், ஏலம் விடுபவர், லாரி ஓட்டுநர், வயர்லெஸ் கருவியைச் சரிசெய்பவர், ஏற்றுமதிக்கு முன் தரம் பார்ப்பவர், மீன்வளத் துறை அதிகாரி, கடல் சீற்றத்தை முன்னறிவிக்கும் வானிலை ஆய்வாளர் என்று பட்டியல் நீளும். கடலோரப் பிள்ளைக்கு, கடலுக்குப் போவது அல்லது கடலை விட்டே போவது என்ற இரண்டு வழிகள் மட்டும் தெரிந்திருக்கும் நிலையில், நடுவில் இத்தனை தொழில்கள் இருப்பதும், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு ஒன்று இருப்பதும் புதிய செய்தி. இதையே ரப்பர் ஷீட்டுக்கும் மார்த்தாண்டம் தேனுக்கும் முப்பந்தல் காற்றாலைக்கும் ஆடலாம். மாவட்ட எல்லையைத் தாண்டியதும் இருக்கும் மகேந்திரகிரியை வைத்து ஆடினால், இஸ்ரோ என்றதும் விஞ்ஞானியை மட்டும் நினைக்கும் பிள்ளைகள், ராக்கெட் இயந்திரங்களைச் சோதிக்கும் அந்த வளாகத்துக்கு ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டரும் டிப்ளமோ முடித்தவரும் தேவைப்படுகிறார்கள் என்பதை அறிவார்கள்.

ஆட்டம் முடிந்ததும் மணி அடித்துக் கலைந்துவிட்டால், பொழுது போனது மட்டுமே மிச்சம். ஆடிய நேரத்துக்குக் குறையாத நேரம் பேசுவதற்கு வேண்டும். இரண்டாவது பாடவேளை முழுவதும் அதற்கே. எந்தச் சுற்றில் முடிவெடுக்கச் சிரமப்பட்டீர்கள், திரும்ப ஆடினால் எந்த முடிவை மாற்றுவீர்கள், அட்டையில் உள்ளவருக்காக நீங்கள் முடிவெடுத்தபோது அவர் விருப்பத்தைப் பார்த்தீர்களா, வீட்டார் விருப்பத்தைப் பார்த்தீர்களா என்று கேட்கலாம். இரத்தம் பார்த்தால் தலைசுற்றும் பெண்ணை நர்சிங்கில் சேர்த்த குழு இந்தக் கேள்வியில் நெடுநேரம் நிற்கும். ஆசிரியர் அப்போது தீர்ப்புச் சொல்லாமல் இருக்க வேண்டும், அது எளிதன்று. முடிந்தால் பெற்றோர் கூட்டத்திலும் இதே ஆட்டத்தை ஒருமுறை நடத்த வேண்டும். அப்பா கடலிலோ வளைகுடாவிலோ இருக்கும் வீடுகளில் அம்மாவோ பாட்டியோ சித்தியோ வருவார்கள். குரூப்பைத் தீர்மானிப்பதில் அவர்கள் சொல்லுக்கு எடை உண்டு என்பதால், அவர்களும் சிரட்டையில் புளியங்கொட்டையைப் போட்டுப் பார்க்க வேண்டியவர்களே.

வகுப்பு கலையும் முன், ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு உண்மையிலேயே பதில் தெரியாத ஒரு கேள்வியை ஒரு தாளில் எழுத வேண்டும், அதைக் கேட்க வேண்டிய ஆளின் பெயரையும் எழுத வேண்டும்: பக்கத்து வீட்டுச் செவிலியர், ஒர்க்‌ஷாப் மேஸ்திரி, காற்றாலையில் வேலை செய்யும் அண்ணன். ஒரு வாரத்துக்குள் பதிலைக் கேட்டு அதே தாளில் கீழே எழுதிக் கொண்டுவந்தால், வகுப்பாசிரியர் அவற்றை உறையிலிட்டுப் பத்திரப்படுத்தி, தேர்வு முடிவு வந்து பிளஸ் 1 விண்ணப்பம் வாங்க வரும் நாளில், விண்ணப்பத்தோடு சேர்த்து அவரவர் தாளை அவரவர் கையில் கொடுத்துவிடலாம்.